கால்வாய்க் கரையில் ஒரு ஜோடி ஷூ

ஜப்பானுக்குப் போய்வந்த ஆண்கள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நிறையப் பேர் உண்டு. அங்கே பார்த்த இயந்திரத்தைப் பற்றி அவர்களில் ஒருவர்கூட டீக்கடையில் பேசி நான் கேட்டதில்லை. "ராத்திரி பத்து மணிக்கு மேல பாக்கணும் மச்சான்" என்று ஆரம்பிப்பார்கள். பெண் ஒருத்தி, நான், பக்கத்தில் டீ வாங்க நிற்பது தெரிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த ஊர் ரயில் எவ்வளவு சுத்தம் என்று பேச்சை மாற்றுவார்கள். ரயிலைப் பற்றி அவ்வளவு நல்லவிதமாகப் பேசிய இவர்கள்தான் மறுநாள் ஆவடி லோக்கலில் ஜன்னல் வழியாகப் பான்பராக் துப்புவார்கள்.

எங்கள் தொழிற்சாலையில் கார் எஞ்சினுக்குப் போகும் சின்னச் சின்னத் தண்டுகளைச் செய்கிறோம். நான் அளவு சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். மூன்று வாரப் பயிற்சிக்கு ஒசாகாவுக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று வந்தபோது மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் மேலாளர், அவருடைய நிழலாகவே வாழ்ந்துவந்த ஒரு சூப்பர்வைசர், பிறகு நான். நான் எதற்கென்றால், எனக்கு ஜப்பானிய மொழி கொஞ்சம் தெரியும். வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரிக்கு எதிரே மாடியில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு இரண்டு வருடம் போயிருந்தேன். "இதெல்லாம் எதுக்கும்மா? கல்யாணத்துக்கு உதவுமா?" என்று அப்போது கேட்டவரும் இதே மேலாளர்தான்.

அவரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஐம்பது தாண்டியவர். காட்டுப்பாக்கத்தில் இரண்டு மாடி வீடு, கல்லூரியில் படிக்கும் ஒரு மகள், நெற்றியில் எப்போதும் காயாத விபூதி. தொழிற்சாலையில் ஃபைவ் எஸ் முறைக்கு அவர்தான் பொறுப்பு. அந்தந்தப் பொருள் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் என்கிற ஜப்பானிய ஒழுங்கு அது. துடைப்பம் வைக்கத் தரையில் மஞ்சள் கட்டம், ஸ்பானர் தொங்க அதன் வடிவத்திலேயே வரைந்த பலகை, செருப்பு விட இரண்டு கோடு. யாருடைய செருப்பாவது கோட்டைத் தாண்டிக் கோணலாகக் கிடந்தால் அவருக்கு ரத்தக்கொதிப்பு வந்துவிடும். கேன்டீன் வாசலில் குனிந்து, தன் ஷூவை இரண்டு கோட்டுக்கும் நடுவே அளந்துவைத்ததுபோல வைத்துவிட்டு, எல்லாரும் பார்த்தார்களா என்று ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்.

கோவில்பதாகையில் எங்கள் வீட்டுக்கு அவர் அனுமதி கேட்டு வந்தபோதும் இந்த ஷூவினால்தான் காரியம் ஆயிற்று. அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஆய்வுப் பிரிவில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டுக் கடைசியில்தான் சொந்த வீடு கட்டினார். அளந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். ரேஷன் சர்க்கரையைக்கூட வீட்டுத் தராசில் மறுபடி போட்டுப் பார்ப்பார். கல்யாணம் ஆகாத பெண்ணை இரண்டு ஆண்களோடு கண்காணாத தேசத்துக்கு அனுப்புவதா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"என் பொண்ணு மாதிரி சார். ஒரு நிமிஷம் தனியா விடமாட்டேன். வாக்கு" என்றார் மேலாளர்.

அவர் போன பிறகு அப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஷூவ எவ்ளோ ஒழுங்கா கழட்டி வச்சாரு பாத்தியா? பொறுப்பான ஆளுதான். போய்ட்டு வாம்மா" என்றார். வாழ்நாளெல்லாம் ஓட்டைப் பொருளைக் கண்டுபிடித்துத் தள்ளிய மனிதர், இந்த ஒன்றை மட்டும் மேல்பூச்சைப் பார்த்து ஏற்றுக்கொண்டார்.

ஒசாகாவில் பகல் எல்லாம் நன்றாக இருந்தது. அங்கே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு வயதான பயிற்சியாளர். ஒரே தண்டைப் பத்து முறை அளக்கச் சொல்வார். பத்தும் ஒன்றாக வந்தால் தலையை ஒரு அங்குலம் அசைப்பார். அந்த ஒரு அங்குலத்துக்காக நான் சாப்பாட்டு நேரத்திலும் உட்கார்ந்து அளந்தேன். மேலாளர் பயிற்சி அறையின் கடைசி வரிசையில் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பட்டியலைப் படித்துக்கொண்டிருப்பார். நண்பர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியல் அது. தெருப் பெயர்கள், எந்த ரயில் நிலையத்தில் இறங்க வேண்டும், எத்தனை மணிக்குப் போக வேண்டும். பயிற்சிக்கான குறிப்பேட்டில் அவர் மூன்று வாரமும் ஒரு வரி எழுதவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் என் அறைக்கதவைத் தட்டினார். பின்னால் சூப்பர்வைசர், குல்லா, மப்ளர், மேலே சால்வை எல்லாம் போட்டுக்கொண்டு நின்றார்.

"தனியா ரூம்ல இருக்காதம்மா. அப்பாவுக்கு வாக்கு குடுத்திருக்கேன். வா, சும்மா ஊரைச் சுத்திப் பாத்துட்டு வரலாம்."

எனக்குப் புரியாமல் இல்லை. போர்டு படிக்க, விலை கேட்க, வழி கேட்க ஒரு வாய் வேண்டும். அந்த வாய் என் முகத்தில் இருந்தது. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம்; சொல்லவில்லை. பயிற்சி அறிக்கை எழுதப்போகிறவர் அவர். அதை நினைத்து நானும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். என்னைப் பற்றியும் எனக்கு அன்று பெரிய மரியாதை ஒன்றும் இல்லை.

நம்பா நிலையத்தில் இறங்கி, தோத்தோன்போரி என்கிற கடைத்தெருவுக்கு நடந்தோம். இரண்டு பக்கமும் கட்டடங்கள், நடுவே ஒரு கால்வாய், அதன் தண்ணீர் முழுக்க விளம்பர வெளிச்சம். அகலம் என்னவோ நம்ம ஊர்க் கால்வாய் அளவுதான். நாற்றம் மட்டும் இல்லை. ஒரு கடையின் நெற்றியில் லாரி அளவு நண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தது. உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்த கூட்டம் அந்த நண்டின் கீழே நின்று வாயைப் பிளந்துகொண்டு படம் எடுத்தது. பூந்தமல்லியில் ஒரு துணிக்கடைக்காரர் இப்படி ஒரு நண்டை மாட்டியிருந்தால் ரசனையே இல்லாத ஆள் என்று சொல்லியிருப்போம்.

பெரிய தெருவை விட்டு உள்ளே திரும்பினால் வேறு கூத்து. குளிரில் தொடை நடுங்க, வேலைக்காரி வேஷத்தில் அட்டையைப் பிடித்துக்கொண்டு பெண்கள் வரிசையாக நின்றார்கள். என் தங்கை வயதுகூட இருக்காது. வாய் சிரித்துக்கொண்டே இருந்தது. கண் கைப்பேசியில் மணி பார்த்தது. கறுப்புக் கோட்டு போட்ட ஆட்கள் மூலைக்கு மூலை நின்று, நடக்கிறவனின் பார்வை எங்கே போகிறது என்று பார்த்து அந்தப் பக்கமாகவே வந்து ஒட்டிக்கொண்டார்கள். சுவர் முழுக்க, கண்ணுக்கு மை தீட்டி முடியைக் கோபுரமாகச் சீவிய பையன்களின் படம். பெண்கள் காசு கொடுத்து இந்தப் பையன்களோடு உட்கார்ந்து பேசலாமாம். அதைப் படித்துச் சொன்னபோது சூப்பர்வைசருக்கு உலகமே தலைகீழாகிவிட்டது.

"இன்னா சார் இது? ஆம்பளயோட பேசறதுக்கு பொம்பள காசு குடுக்குதா? எங்க ஊட்ல நான் சும்மா பேசினாலே வாய மூடுன்றா!"

அந்த மூன்று வாரத்தில் அவர் சொன்ன உண்மையான ஒரே வாக்கியம் அதுதான்.

மேலாளரோ ஏதோ ஆய்வுக்கு வந்தவர்போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். ஒவ்வொரு மாடிக் கட்டடத்திலும் கீழிருந்து மேல்வரை ஐம்பது சின்னப் பலகைகள் தொங்கும். "அது என்னம்மா? மூணாவது மாடி?" என்பார். படிப்பேன். "பல் ஆஸ்பத்திரி சார்." "அதுக்கு மேல?" "முடி வெட்டற எடம் சார்." முகம் விழுந்துவிடும். உண்மையில் பாதி நேரம் எனக்கு எழுத்து தெரியவில்லை. தெரியாத எல்லாவற்றையும் பல் ஆஸ்பத்திரி ஆக்கினேன். இந்த ஊர்க்காரங்களுக்கு ஏன் இவ்வளவு சொத்தைப் பல் என்று சூப்பர்வைசர் நிஜமாகவே கவலைப்பட்டார்.

அடுத்த வாரம் ஊரின் வடக்கே இருக்கும் பணக்காரத் தெருவுக்குப் போக வேண்டும் என்றார். அங்கே நண்டு இல்லை, கூச்சல் இல்லை. கிமோனோ உடுத்திய பெண்கள் கடை வாசலில் நின்று, காரில் ஏறும் கிழவர்களுக்கு இடுப்பு ஒடியக் குனிந்து வணக்கம் சொன்னார்கள். கார் திரும்பும்வரை குனிந்தே இருந்தார்கள். திரும்பியதும் நிமிர்ந்து கழுத்தைத் தேய்த்துக்கொண்டார்கள். மேலாளர் விபூதியைத் துடைத்துவிட்டு, டையைச் சரிசெய்துகொண்டு ஒரு கதவருகே போனார். வாசலில் ஒருவன் நின்றான். இரண்டு கையையும் மார்புக்கு முன்னால் பெருக்கல் குறியாக வைத்துக் காட்டினான். அடுத்த கதவிலும் பெருக்கல் குறி. நான்காவது கதவில் எங்களைப் பார்த்தவுடனேயே தூரத்திலிருந்து கையை மடக்கிவிட்டார்கள். உள்ளூரில் ஓணான் பிடிக்காதவன் உடையார்பாளையத்தில் உடும்பு பிடிக்கப் போனானாம். ரயிலில் திரும்பும்போது, "இவனுங்களுக்கு நம்மளைக் கண்டா எளக்காரம்மா, நம்ம கலாச்சாரம் என்னன்னு தெரியல" என்றார் மேலாளர். எந்தக் கலாச்சாரத்தை அந்தக் கதவுக்குள் கொண்டுபோக இருந்தாரோ.

கடைசி ஞாயிற்றுக்கிழமை பயிற்சியாளர் எங்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். நாங்கள் உள்ளே இருக்கும்போது அவர் மனைவி வாசலுக்குப் போய் எங்கள் மூன்று ஜோடிக் காலணிகளையும் தெருவைப் பார்த்துத் திருப்பிவைத்தார். விருந்தாளி கிளம்பும்போது திரும்பி நின்று தடுமாறாமல் அப்படியே காலை நுழைத்துக்கொண்டு போக வசதியாம். அந்தச் சின்னக் காரியம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அன்று இரவே அப்பாவுக்கு போனில் சொன்னேன். அப்பாவுக்கும் பிடித்திருந்தது, "நல்ல முறைதான்" என்றார்.

அந்த வாரம் வியாழக்கிழமை பயிற்சியாளர் எல்லார் முன்னாலும் ஒரு விஷயம் சொன்னார். புதிய தண்டுகளுக்கான அளவுப் பிரிவை அம்பத்தூரில் தொடங்குவதற்கு முன் ஒருவர் ஒரு வருடம் இங்கே தங்கிக் கற்க வேண்டும். அந்த ஒருவராக என்னைக் கேட்கப்போகிறார்கள். நான்தான் அதையும் தமிழில் மேலாளருக்குச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் மொழிபெயர்த்ததில் இனிப்பான வாக்கியம் அதுதான். ஒரு வருடம் கழித்துத் திரும்பினால் அந்தப் பிரிவுக்கே நான் பொறுப்பு. மேலாளர் கைதட்டினார். சூப்பர்வைசரும் தட்டினார், மேலாளர் தட்டியதால்.

"அப்போ பார்ட்டி குடுக்கணும்மா" என்று வெள்ளிக்கிழமை இரவு மறுபடி தோத்தோன்போரிக்கு இழுத்துப்போனார் மேலாளர். கடைசி இரவு. பட்டியலில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பெயர். கால்வாயை ஒட்டிய நடைபாதையில், தண்ணீரைப் பார்த்த மாதிரி ஒரு குறுகலான படிக்கட்டு, இரண்டாவது மாடியில் ஒரு மதுக்கடை. இந்த முறை பலகை தெளிவாகவே இருந்தது. பல் ஆஸ்பத்திரி என்று சொல்ல வழியில்லை.

படிக்கட்டின் முதல் படியில் ஒரு சிவப்பு மிதியடி கிடந்தது. மேலாளர் நின்றார்.

"ஷூவக் கழட்டணும்."

"வேணாம் சார். இது கடை. வீடுங்கள்லதான் கழட்டுவாங்க."

"எனக்குத் தெரியும்மா. இருவது வருஷமா ஃபைவ் எஸ் பண்றேன். எனக்கு ஜப்பான சொல்லித் தராத."

கழற்றினார். படியில் விட்டால் வருகிறவர்களுக்கு இடைஞ்சல் என்று பார்த்தார். நடைபாதையின் மறுபக்கம், கால்வாயின் தடுப்புக் கம்பிக்கு அடியில் சுத்தமான இடம் இருந்தது. அங்கே போய்க் குனிந்து, இரண்டு ஷூவையும் ஒட்டினாற்போல், நுனி தண்ணீரைப் பார்க்க, நூல் பிடித்ததுபோல் வைத்தார். பிறகு பழக்கப்படி நிமிர்ந்து யாராவது பார்த்தார்களா என்று பார்த்தார். சூப்பர்வைசரும் கழற்றினார். ஆனால் அவர் திருவேற்காடு கோயிலில் இரண்டு முறை செருப்பைத் தொலைத்தவர். ஷூவை ஒரு பாலிதீன் கவரில் போட்டுக் கையிலேயே எடுத்துக்கொண்டார்.

மேலே என்ன இருந்தது? எட்டுப் பேர் வரிசையாக உட்காரும் நீளமான ஒரு மர மேசை. அதன் பின்னால் அறுபத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவர், கழுத்தில் மணிமாலை, சுருள் முடி. மூன்று வாரம் தேடிய சொர்க்கத்தில் அவித்த வேர்க்கடலையும் தாமரைக்கிழங்குக் கூட்டும் வைத்தார்கள். மூலையில் ஒரு கிழவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் மல்கப் பாடிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணி இவர்கள் இருவரின் காலையும் பார்த்தார், கையிலிருந்த கவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு மட்டும் கேட்காமலே சூடாகத் தேநீர் ஊற்றி, முழங்காலில் போட்டுக்கொள்ள ஒரு கம்பளித் துண்டும் கொடுத்தார். மேலாளர் ஒரு மணி நேரம் கடலை தின்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தேநீர் கோப்பைக்குள் சிரித்தேன்.

கீழே இறங்கி வந்தால் நடைபாதையில் கூட்டம். இரண்டு போலீஸ்காரர்கள். ஒருவர் டார்ச் வெளிச்சத்தைத் தண்ணீருக்குள் அடித்துத் தேடிக்கொண்டிருந்தார். இன்னொருவர் நீளமான கம்பு ஒன்றைக் கால்வாய்க்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். அவர்கள் காலடியில், யாரும் தொடாமல், மேலாளரின் ஷூ. அதைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு ஜனங்கள் பேசாமல் நின்றார்கள். ஒரு பெண் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

எனக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று புரிய. அந்த ஊரில் தண்ணீர் ஓரத்தில் ஷூவை ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு ஒருவர் காணாமல் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். குதித்துவிட்டார்.

"அது என் ஷூ!" என்று கத்திக்கொண்டு மேலாளர் சாக்ஸ் காலோடு ஓடினார். கூட்டம் மொத்தமும் திரும்பியது. டார்ச் வைத்திருந்த இளம் போலீஸ்காரர் அவர் தோளை மெதுவாகப் பிடித்து, தண்ணீரிலிருந்து விலக்கிச் சுவரோரமாக நிறுத்தினார். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்கக் கேட்க நான் சொன்னேன்.

"சார், வீட்ல ஏதாவது கஷ்டமான்னு கேக்கறாரு."

"எனக்கென்னம்மா கஷ்டம்?"

"வேலையில அழுத்தம் ஜாஸ்தியான்னு கேக்கறாரு. தூக்கம் வருதான்னு கேக்கறாரு."

"இவனுக்கென்ன பைத்தியமா?"

"யார்கிட்டயும் சொல்ல முடியாத துக்கம் எதுவா இருந்தாலும் தன்கிட்ட சொல்லலாம்னு சொல்றாரு சார்."

மேலாளருக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. சூப்பர்வைசர் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு, "நான் அப்பவே கவர்ல போட சொல்லலாம்னு இருந்தேன் சார்" என்றார். தண்ணீரில் துழாவிக்கொண்டிருந்த போலீஸ்காரர் கம்பை எடுத்துத் துடைத்துக்கொண்டே, ஆள் உயிரோடு இருந்ததற்காக எங்களைப் பார்த்துத் தலைகுனிந்தார். முன்பின் தெரியாத ஒரு மனிதனுக்காகக் கடுங்குளிரில் கையை நனைத்துக்கொண்டவர்கள் அவர்கள். எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. நாங்கள் மூன்று பேரும் அந்தத் தெருவின் மிகக் கேவலமான பிறவிகளாகத் தெரிந்தோம்.

இளைஞர் கடைசியாக ஒன்று கேட்டார். இந்தப் பெண் உங்களுக்கு யார்?

"டாட்டர்னு சொல்லிடும்மா" என்றார் மேலாளர் அவசரமாக. "இல்லன்னா அசிங்கமா நெனச்சிக்குவான்."

மூன்று வாரமாகத் தோன்றாத அசிங்கம் போலீஸ் கேட்டபோதுதான் தோன்றியிருக்கிறது. நான் இளைஞரைப் பார்த்து, இவர் என் மேலாளர், இந்த மாதிரி இடங்களில் பேசுவதற்காக என்னைக் கூட்டிவந்தார் என்று சொன்னேன். வகுப்பில் படித்த எளிய இலக்கணத்திலேயே அது அடங்கிவிட்டது. அவர் மேலாளரை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, வேலை முடிந்து கிளம்புகிறவர்களிடம் அந்த ஊரில் சொல்லும் சொல்லைச் சொன்னார். நாள் முழுக்கப் பாடுபட்டீர்கள் என்கிற மாதிரி.

பாலத்தைத் தாண்டும்போது மேலாளர் என் பக்கத்தில் வந்தார். "இதெல்லாம் வீட்ல சொல்லிக்கிட்டு இருக்காதம்மா. பொம்பளப் பொண்ணு ராத்திரியில இந்தத் தெருவுல இருந்தான்னு தெரிஞ்சா உனக்குத்தான் கெட்ட பேரு."

நான் சொல்லவில்லை. அவருக்குப் பயந்து அல்ல. சொன்னால் அப்பா ஒரு வருடத்துக்கு என்னை அனுப்பமாட்டார் என்று பயந்து. நண்டைப் பற்றிச் சொன்னேன், ஷூவைத் திருப்பிவைக்கும் வழக்கத்தைப் பற்றி அம்மாவிடமும் சொன்னேன். கால்வாயைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்கு எது தேவையோ அதைக் காப்பாற்ற அந்த ஆளின் மானத்தையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. ஒரு மாதம் அந்த எரிச்சலோடு சாப்பிட்டேன், தூங்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் இனிப்பு டப்பாவோடு வீட்டுக்கு வந்தார். வாசலில் ஷூவைக் கழற்றி, சுவரைப் பார்க்க, ஒட்டினாற்போல் வைத்தார். உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்து அம்மா கொடுத்த காபியை வாங்கிக்கொண்டார்.

"சார், உங்க பொண்ண அங்க கேட்டிருக்காங்க. அவங்க கேட்டா கம்பெனியில மறுக்க முடியாது. ஆனா என் பொண்ணு மாதிரி நெனைக்கறதால சொல்றேன். அந்த ஊரு சரியில்ல சார். ராத்திரி ஆனா தெருத்தெருவா கண்றாவி. பொண்ணுங்க போர்டு புடிச்சுக்கிட்டு நிக்குது. கறுப்புக் கோட்டு போட்டவன் வந்து கையப் புடிச்சு இழுக்கறான். மூணு வாரம் நான் கூட இருந்தேன், சரி. ஒரு வருஷம் தனியான்னா? வீட்ல விருப்பமில்லன்னு நீங்க ஒரு கையெழுத்து போட்டுட்டா போதும். வேற ஆள அனுப்பிடுவோம்."

டைப் அடித்த கடிதத்தையே கையோடு கொண்டுவந்திருந்தார். அந்தக் கால்வாய்க் கதை தெரிந்த ஒருத்தி ஒரு வருடம் பயிற்சியாளரின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கப் போகிறாளே என்பதுதான் அவர் கவலை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதது என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து.

அப்பா கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். எனக்கு உலகம் அந்தப் பேனா முனையில் நின்றது. மூடியைத் திறக்காமல் அப்பா கேட்டார்.

"இதெல்லாம் நீங்க எப்ப சார் பாத்தீங்க?"

மேலாளர் ஒரு கணம்தான் தடுமாறினார். "கேள்விப்பட்டதுதான் சார். நாங்க வேலை முடிஞ்சா ரூம விட்டு வெளியவே வரமாட்டோமே. நீங்களே கேளுங்க, இவளே சொல்லுவா." என்னைப் பார்த்துச் சிரித்தார். "சொல்லும்மா."

நான் வாயைத் திறக்கமாட்டேன் என்று அவ்வளவு நம்பிக்கை. மூன்று வாரம் அவருக்காகவே பேசிய வாய் அது. இப்போதும் கேட்டார், பேசினேன். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கதவைத் தட்டியது, பட்டியல், பல் ஆஸ்பத்திரி, பெருக்கல் குறி, சிவப்பு மிதியடி, தடுப்புக் கம்பி, டார்ச், கம்பு, டாட்டர்னு சொல்லிடும்மா. சொல்லச் சொல்ல, என் ஒரு வருடமும் கைநழுவிப் போகிறது என்று தெரிந்தே சொன்னேன்.

"அப்போ எம் பொண்ண யாருன்னு நெனச்சு கூட்டிட்டுப் போனீங்க?" என்றாள் அம்மா. அப்படி ஒரு குரலில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"அவ சின்னப் பொண்ணு, தப்பா புரிஞ்சிக்கிட்டா" என்று மேலாளர் அப்பாவைப் பார்த்துத் தொடங்கினார். "ஆபீஸ் விஷயமா நாலு எடம் போறதுதான் சார். நீங்க வேல பாத்தவரு, உங்களுக்குத் தெரியாததா?"

அப்பா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். "அங்க வேல கஷ்டமா?" என்று கேட்டார்.

"பத்து தடவ அளக்கணும்பா. பத்தும் ஒண்ணா வரணும்."

"வருதா?"

"வருதுப்பா."

பேனாவைப் பையில் திரும்பச் செருகிக்கொண்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கடிதத்தை நான்காக மடித்துக்கொண்டே வாசலுக்கு நடந்தார். தாளில் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர் அப்பா. குனிந்து மேலாளரின் ஷூ இரண்டையும் கையில் எடுத்து, அந்தக் கடிதத்தை வலது ஷூவுக்குள் செருகி, இரண்டையும் தெருவைப் பார்த்துத் திருப்பி, கொஞ்சமும் கோணாமல் ஒட்டினாற்போல் வைத்தார்.

"வாங்க சார்" என்றார். "போட்டுக்க வசதியா இருக்கும்."